நடுகல்லோ தாழியோ கண்ணில் பட்டால்: படம் எடுப்பதிலிருந்து அரசு அறிவிக்கை வரை

எங்கள் ஊர் திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கம். ஏரிக்கு மேற்கே உள்ள மேட்டில் மூன்று நடுகற்கள் (இறந்த வீரர்களுக்கு நட்ட நினைவுக் கற்கள்) இருந்தன, அவற்றைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கல்வட்டங்கள் (பழங்காலப் புதைகுழியைச் சுற்றி வட்டமாக வைத்த கற்கள்). இப்போது நடுகற்கள் இரண்டுதான். மூன்றாவதை, மண் அள்ள வந்த பொக்லைன் ஒரு காலையில் பிளந்து ஓடைக்குள் தள்ளிவிட்டுப் போனது. நான் போய்ச் சேர்ந்தபோது எழுத்து இருந்த பக்கம் சில்லுசில்லாகக் கிடந்தது.

அன்று நான் செய்தது, படம் எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பியது மட்டும்தான். எல்லாரும் வருத்தப்பட்டார்கள். ஒரு வாரம் கழித்து அதே வண்டி திரும்ப வந்தது. மிச்சம் இருந்த இரண்டு கற்களையும் காப்பாற்ற இரண்டு வருடத்துக்கு மேல் அலைந்தேன். எந்த அலுவலகத்துக்குப் போவது, என்ன காகிதத்தோடு போவது என்று தெரியாததால் அதில் பாதிக்காலம் வீணானது. அந்தப் பாதிக்காலமாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது தமிழ்நாட்டுக்குள் பொருந்தும் வழிமுறை. நடுகல், கல்வட்டம், கற்திட்டை (ஊரில் பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்பார்கள்), முதுமக்கள் தாழி (பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த பெரிய மண்பானை), பாறைக் கல்வெட்டு, சமணர் படுக்கை எதுவானாலும் ஏறக்குறைய இதே வரிசைதான்.

1. கை வைக்காமல் படம் எடுங்கள்

கல்லைக் கண்டதும் சுத்தம் செய்யத்தான் முதலில் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். எந்த நிலையில் பார்த்தீர்களோ அதே நிலையில் முதல் படம் இருக்க வேண்டும், செடி மூடியிருந்தால் செடியோடு. பின்னால் யாராவது சேதப்படுத்தினால் "முன்பு எப்படி இருந்தது" என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி.

கைப்பேசியில் இருப்பிடத்தை இயக்கிவிட்டு எடுங்கள். கல்லின் பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். பள்ளிக்கூட ஸ்கேல் போதும். நான்கு பக்கமும் கிட்டத்திலிருந்து எடுங்கள். பிறகு இருபது அடி தள்ளி நின்று, மரம், கிணறு, மின்கம்பம் என ஏதாவது ஓர் அடையாளம் சட்டத்துக்குள் வரும்படி எடுங்கள். கல் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுத்து இருக்கிறதா என்று பார்க்க உச்சி வெயில் உதவாது. காலை ஏழு மணி வாக்கிலோ மாலை ஐந்துக்கு மேலோ வெளிச்சம் சாய்வாக விழும்போது பாருங்கள். இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் பகலில் தெரியாத எழுத்தெல்லாம் எழுந்து நிற்கும். கல் பெரியதாக இருந்தால்தான் முக்கியம் என்று நினைக்க வேண்டாம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த, தமிழி (தமிழ் பிராமி) எழுத்துள்ள நடுகற்கள் ஆள் உயரம்கூட இல்லாதவை.

செய்யக்கூடாதவை: கம்பி பிரஷ், ஆசிட், சோப்புத்தூள், எண்ணெய், எனாமல் பெயிண்ட். எழுத்துக்குள் சாக்பீஸ் தீட்டுவதும் வேண்டாம். நம் கண்ணுக்கு 'க' மாதிரித் தெரிவதைத் தீட்டிவிட்டால், பின்னால் வருபவர் கல்லைப் படிக்க மாட்டார், நாம் தீட்டியதைத்தான் படிப்பார்.

தாழியாக இருந்தால் இன்னும் கண்டிப்பு வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று மண்ணைக் கிளறாதீர்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு தாழிக்குள் மண்ணோடு கிடைத்த நெல்லை வைத்துத்தான் அதன் காலம் பொ.ஆ.மு. (கி.மு.) 1155 என்று கணக்கிட்டு, 2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. யாராவது ஆர்வத்தில் அந்த மண்ணைக் கொட்டிவிட்டுப் பானையை மட்டும் எடுத்து வைத்திருந்தால் அந்த ஆண்டுக் கணக்கே நமக்குக் கிடைத்திருக்காது. பானையைவிட மண் பெரிது.

அப்புறம், இருப்பிடத்தை இணையத்தில் பகிராதீர்கள். நடுகல்லுக்கு அடியில் புதையல் இருக்கும் என்று நம்பி இரவில் தோண்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். படம் போட்டே ஆக வேண்டும் என்றால் ஊர்ப் பெயரும் அடையாளமும் இல்லாமல் போடுங்கள்.

2. புல எண்ணை (சர்வே நம்பரை) கண்டுபிடியுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என் முதல் மூன்று மனுக்களிலும் "ஏரிக்கு மேற்கே உள்ள மேடு" என்றுதான் எழுதியிருந்தேன். மூன்றுக்கும் பதில் வரவில்லை. மேடு என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்த எழுத்தரும் கோப்பு திறக்க முடியாது என்பது பிறகுதான் புரிந்தது. புல எண்ணும் உட்பிரிவும் எழுதிக் கொடுத்த நான்காவது மனு மூன்று வாரத்தில் கிராம நிர்வாக அலுவலர் மேசைக்கு வந்துவிட்டது.

கண்டுபிடிப்பது கடினமில்லை. தமிழ்நாடு அரசின் புவியியல் தகவல் வரைபடத் தளத்தில் நீங்கள் நிற்கும் இடத்தைத் தொட்டால் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எல்லாம் வரும். அந்த எண்ணை வைத்து வருவாய்த் துறையின் இணையச் சேவைத் தளத்தில் மூன்றைப் பாருங்கள்: பட்டா சிட்டா, 'அ' பதிவேடு (நிலம் எந்த வகை என்று சொல்லும் வருவாய்ப் பதிவேடு), புலப்படம் (அந்தப் புலத்தின் அளவு வரைபடம்). மூன்றையும் இறக்கி அச்செடுத்து வையுங்கள். அச்சுச் செலவு தவிர வேறு செலவில்லை.

கைப்பேசி காட்டும் இடம் சில மீட்டர் தள்ளிப்போகலாம். கல் வரப்புக்குப் பக்கத்தில் இருந்தால் பக்கத்துப் புல எண்ணையே காட்டிவிடும். எங்கள் மேட்டில் ஒரு கல் பட்டா நிலத்திலும் மற்றொன்று புறம்போக்கிலும் இருந்தது எனக்குப் பல மாதம் தெரியாது. சந்தேகம் இருந்தால் புலப்படத்தோடு கிராம நிர்வாக அலுவலரைக் கூட்டிக்கொண்டு போய் நேரில் பாருங்கள். இரண்டு எண்ணுக்கு வாய்ப்பிருந்தால் மனுவில் இரண்டையும் எழுதுங்கள்.

'அ' பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாடு இருக்கும். யாரிடம் போக வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பட்டா என்றால் முதலில் உரிமையாளர். புறம்போக்கு, தரிசு, மேய்க்கால் என்றால் வட்டாட்சியர். ஏரி என்றால் அது நீர்வளத் துறையுடையதா ஊராட்சி ஒன்றியத்துடையதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வண்டல் மண் எடுக்க அனுமதி கொடுக்கும் கோடை மாதங்களில்தான் ஏரிக்குள் இருக்கும் தாழிகள் உடைகின்றன, அதனால் அதற்கு முன்பே மனு போய்விட வேண்டும். கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறையின் செயல் அலுவலர். காப்புக்காடு என்றால் வனச்சரகர். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், எனவே படம் எடுக்கப் போகும் முன்பே எழுதிக் கேளுங்கள்.

3. ஏற்கெனவே பாதுகாக்கப்பட்டதா என்று பாருங்கள்

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால் பெரும்பாலும் நீலப் பலகை இருக்கும். பலகை விழுந்திருக்கலாம் என்பதால் பட்டியலையும் பாருங்கள். தமிழ்நாட்டுச் சின்னங்கள் இப்போது சென்னை வட்டம், 2020-இல் உருவான திருச்சி வட்டம் என்று இரண்டாகப் பிரிந்திருக்கின்றன. பழைய கடிதங்களைப் பார்த்து முகவரி எழுதினால் சுற்றிச் சுற்றி வரும். மாநிலத் தொல்லியல் துறைக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது.

மத்தியப் பட்டியலில் இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010 திருத்தமும் சொல்வது இது: பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. முதல் பகுதியில் புதுக் கட்டடம் கிடையாது. இரண்டாவதில் அனுமதி பெற்றுத்தான் கட்டலாம். மீறினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கோபுரத்திலிருந்தோ கல்லிலிருந்தோ அளக்கக்கூடாது. பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்துதான் அளக்க வேண்டும்.

எந்தப் பட்டியலிலும் இல்லை என்றால், பெரும்பாலான ஊர்க்கற்களுக்கு இதுதான் நிலைமை, மேலே படியுங்கள்.

4. நில உரிமையாளரிடமும் பூசாரியிடமும் பேசுங்கள்

மனு போட்ட பிறகு உரிமையாளருக்குச் செய்தி தெரிந்தால் அவர் உங்களை எதிரியாகத்தான் பார்ப்பார். எனக்கு அப்படித்தான் ஆனது. "என் நெலத்தப் புடுங்கப் பாக்குறியா தம்பி?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் சட்டம் எனக்கே தெரியாது.

தெரிந்துகொண்டு போய் உண்மையைச் சொல்லுங்கள். அரசுக்குத் தகவல் சொல்வதாலேயே நிலம் கைமாறாது. பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தாலும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும், உரிமையாளரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு பராமரிக்கவும் சட்டத்தில் வழியிருக்கிறது. அதே நேரம், மத்தியத் தொல்லியல் துறை அறிவித்தால் மேலே சொன்ன 100 மீட்டர் தடை வரும் என்பதையும் மறைக்காதீர்கள். வீடு கட்ட வைத்திருக்கும் நிலம் என்றால் அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கல் நிற்கும் இரண்டு சென்ட்டை மட்டும் உழாமல், மண் எடுக்காமல் விட்டுவைக்கச் சம்மதித்தால் அதுவே பெரிய வெற்றி. அந்தச் சம்மதத்தை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி அவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகள் கையெழுத்தும் வாங்குங்கள்.

எங்கள் பக்கம், தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமெல்லாம் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். இத்தனை நூற்றாண்டு அந்தக் கல் நின்றதற்குக் காரணமே அந்தக் கும்பிடுதான். அதனால் "இது சாமி இல்லை, வரலாறு" என்று பேசிவிடாதீர்கள், அது முறையும் இல்லை. பூசாரியிடம் கேட்க வேண்டியது மூன்றுதான்: எனாமல் பெயிண்ட் வேண்டாம், டைல்ஸ் ஒட்ட வேண்டாம், அடியில் சிமெண்ட் போட வேண்டாம். சிமெண்ட் தளம் கல்வெட்டின் கீழ்வரிகளை மூடிவிடும். அதோடு ஈரமும் உப்பும் கல்லுக்குள் ஏறி, நாளடைவில் முகம் பொரிந்து உதிரும். மஞ்சளும் பூவும் வைத்துப் பொங்கலிடுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் எங்கள் பூசாரி ஐயாதான் எனக்குப் பெரிய துணையாக நின்றார்.

5. மனு எழுதுங்கள்

ஒரே பக்கம். அதற்கு மேல் எழுதினால் படிக்க மாட்டார்கள். மூவேந்தர் காலத்திலிருந்து தொடங்க வேண்டாம். "2,000 ஆண்டுப் பழமை" என்று நாமே காலம் குறிக்கவும் வேண்டாம். அந்தக் கல் பல்லவர் காலத்தது என்று பின்னால் தெரியவந்தால், மனுவில் சொன்ன மற்றதையும் சந்தேகப்படுவார்கள். என் நான்காவது மனு ஏறக்குறைய இப்படி இருந்தது:

"பொருள்: ____ மாவட்டம், ____ வட்டம், ____ ஊராட்சி, புல எண் ____, உட்பிரிவு ____ இல் உள்ள நடுகற்கள் 2, கல்வட்டங்கள் சுமார் 10 ஆகியவற்றைக் கள ஆய்வு செய்து பாதுகாக்க வேண்டுதல்.

மேற்படி இடத்தில் உள்ள தொல்பொருள் சின்னங்களின் படங்களும் புலப்படமும் இணைக்கப்பட்டுள்ளன. ____ தேதியில் இவ்விடத்தில் மண் அள்ளப்பட்டதில் ஒரு நடுகல் உடைந்துவிட்டது. எனவே, 1. தொல்லியல் அலுவலரைக் கொண்டு கள ஆய்வு செய்யவும், 2. ஆய்வு முடியும் வரை இப்புல எண்ணில் மண், கல் எடுக்க அனுமதி வழங்காதிருக்கவும், 3. இச்சின்னங்களை வருவாய்ப் பதிவேட்டின் குறிப்புப் பகுதியில் பதிவு செய்யவும் வேண்டுகிறேன்."

மூன்றாவது கோரிக்கையை விட்டுவிடாதீர்கள். அலுவலர்கள் மாறிப் போவார்கள், பதிவேட்டில் இருக்கும் ஒரு வரி மாறாது.

இணைக்க வேண்டியவை: ஆறு படங்கள் (ஒவ்வொன்றின் கீழும் தேதி), புலப்படத்தில் சிவப்பு மையால் குறித்த இடம், 'அ' பதிவேட்டு நகல், உரிமையாளர் சம்மதக் கடிதம் இருந்தால் அது, உங்கள் ஆதார் நகல். ஐந்து செட் போடுங்கள்.

ஒரு செட் மாநிலத் தொல்லியல் துறை ஆணையருக்கு (தமிழ் வளர்ச்சி வளாகம், ஆல்சு சாலை, எழும்பூர், சென்னை 600 008). ஒன்று மாவட்டத்துக்குப் பொறுப்பான தொல்லியல் அலுவலருக்கு. ஒன்று ஆட்சியருக்கு, ஒன்று வட்டாட்சியருக்கு. ஐந்தாவது உங்களுக்கு. சென்னைக்கு விரைவு அஞ்சலில் அனுப்பி, போய்ச் சேர்ந்த விவரத்தை இணையத்தில் பார்த்து அச்செடுத்து வையுங்கள். ஆட்சியருக்குத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுங்கள். மனு எண் உள்ள ரசீது வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ஓர் அலுவலகத்தில் "வெச்சிட்டுப் போங்க, பாக்கிறோம்" என்றார்கள். நானும் வைத்துவிட்டு வந்தேன். நான்கு மாதம் கழித்துக் கேட்டபோது அப்படி ஒரு மனுவே வரவில்லை என்றார்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனுவுக்குச் சமம்.

6. வண்டி வந்து நின்றால்

நேராகச் சொல்கிறேன்: அறிவிக்கை செய்யப்படாத (பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அரசு அறிவிக்காத) இடத்தைத் தொல்லியல் சட்டம் உடனடியாகக் காப்பாற்றாது. காவல் நிலையத்தில் போய் "பழைய கல்லை உடைக்கிறார்கள்" என்று சொன்னபோது எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று என்னிடமே கேட்டார்கள்.

எனக்குக் கைகொடுத்தது கனிமச் சட்டம். 1957-ஆம் ஆண்டு கனிமச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் மண், கிராவல், கல் எடுத்து ஏற்றிச் செல்வது குற்றம். பட்டா நிலமாக இருந்தாலும் வணிகத்துக்கு அள்ள அனுமதி வேண்டும். எனவே வண்டி வந்தால் இப்படிச் செய்யுங்கள். தனியாகப் போய் வண்டியை மறிக்காதீர்கள், அது ஆபத்து. தள்ளி நின்று வண்டி எண் தெரியும்படி தேதி, நேரத்தோடு படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் வருவாய் ஆய்வாளருக்கும் தொலைபேசியில் சொல்லி, அதையே எழுத்தில் வாட்ஸாப்பிலும் அனுப்புங்கள். காவல்துறைக்கு 100-இல் சொல்லுங்கள். "அனுமதியில்லாமல் மண் அள்ளுகிறார்கள்" என்று சொல்லுங்கள், கல்லைப் பற்றி அப்புறம் பேசலாம். அன்றே மாவட்டக் கனிமவளத் துறை உதவி இயக்குநருக்கு ஒரு மனு எழுதி, அனுமதிச் சீட்டு இருக்கிறதா, எந்தப் புல எண்ணுக்கு, எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். பல இடங்களில் அனுமதி ஒரு புல எண்ணுக்கு இருக்கும், வண்டி நிற்பது அடுத்த எண்ணில். எங்கள் மேட்டில் வண்டி நின்றுபோனது இந்த ஒரு கேள்வியால்தான்.

முதல்வரின் உதவி மையம் 1100-க்கும் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி உடனே நிற்காது, ஆனால் கோப்பில் தேதி பதிவாகும்.

7. சிலை, காசு, பானை கிடைத்தால்

நிற்கும் கல்லுக்கு வேறு வழி, மண்ணுக்குள்ளிருந்து எடுக்கும் பொருளுக்கு வேறு வழி. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள் கிடைத்தாலும், என்ன பொருள், எங்கே, எந்தத் தேதியில் என்று ஆட்சியருக்கு எழுத்து மூலம் சொல்ல வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவதற்குப் பிணை தர வேண்டும். மறைத்தால் கண்டெடுத்தவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

மக்களுக்குத் தெரியாத மறுபக்கமும் அதே சட்டத்தில் இருக்கிறது. உரிமையாளர் யாருமில்லாத புதையல் என்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதபோது, நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கு, ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு. அரசே பொருளை எடுத்துக்கொள்வதாக இருந்தால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது பயந்துபோய்த் திரும்ப மூடிவிடுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

வட்டாட்சியர் வந்து பொருளை எடுத்துப் போகும்போது மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் பொருள் விவரக் குறிப்பு) எழுதுவார்கள். அதில் "சிலை 1" என்று மட்டும் எழுத விடாதீர்கள். உயரம், எடை, உடைந்த இடம், கையில் என்ன பிடித்திருக்கிறது எல்லாம் எழுதச் சொல்லுங்கள். நீங்களும் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, மகஜரின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பின்னொரு நாள் அந்தச் சிலை எங்கே என்ற கேள்வி வந்தால் அந்த நகல் வேண்டியிருக்கும். நல்ல விலை தருகிறேன் என்று யாராவது வந்தால் பேச்சே வேண்டாம். 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்வது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

8. கல்வெட்டைப் படி எடுக்க வையுங்கள்

ஈரத்தாளைக் கல்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து, எழுத்துக்குள் தாள் இறங்கியதும் மேலே மை ஒற்றி எடுப்பதுதான் மைப்படி. பார்க்க எளிதாக இருக்கும், ஆனால் நாமே செய்தால் தாள் கிழிந்து மை கல்லில் இறங்கிவிடும். மாநிலத் தொல்லியல் துறையின் கல்வெட்டாய்வாளர்கள், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், பக்கத்துக் கல்லூரியின் வரலாற்றுத் துறை, இந்த மூன்றில் ஒன்றை நாடுங்கள். செங்கம் பகுதி நடுகற்கள் பலவற்றில் இருப்பது வட்டெழுத்து என்ற பழைய எழுத்து வகை. இணையத்தில் கிடைக்கும் எழுத்து அட்டவணையை வைத்து ஊகிக்க வேண்டாம்.

எங்களுக்கு வந்த குழு காசு வாங்கவில்லை. போக்குவரத்தும் சாப்பாடும் நாங்கள் பார்த்துக்கொண்டோம். நான்கு குடம் தண்ணீர், ஓர் ஏணி, நிழலுக்கு ஒரு தார்ப்பாய் தயாராக இருந்தால் அரை நாளில் முடிந்துவிடும். காற்று அதிகமுள்ள ஆடி மாதத்தையும் மழை நாளையும் தவிர்த்து அழையுங்கள். படித்த பாடம் கைக்கு வந்ததும் அதன் நகலோடு ஒரு கூடுதல் மனு போடுங்கள். "பழைய கல்" என்று இருந்த கோப்பில் இன்ன அரசன், இன்ன ஆட்சியாண்டு, ஆநிரை மீட்டு இறந்த இன்ன வீரன் என்று பெயர் ஏறியதும் அலுவலகத்தில் பேசுகிற தொனியே மாறியது.

9. கிராம சபைத் தீர்மானம்

வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டத்தன்று எழுந்து பேசினால் "அடுத்த முறை பார்க்கலாம்" என்பார்கள். பத்துப் பதினைந்து நாள் முன்பே தலைவரிடமோ, தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலரிடமோ, கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தீர்மான வாசகத்தையும் நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். அதில் புல எண் இருக்கட்டும். கூட்டம் முடிந்ததும் தீர்மான நகல் கேட்டு அன்றே மனு கொடுங்கள்.

மலையும் காடும் சேர்ந்த இடமாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் தமிழிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் இருக்கின்றன. அங்கே 193 ஹெக்டேருக்கு மேல் 2022 நவம்பரில் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டில் அதுதான் முதலாவது. பிறகு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது ஊர் மக்கள் கிராம சபைத் தீர்மானமும் போராட்டமுமாக நின்றார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

10. பதில் வராவிட்டால் தகவல் உரிமை மனு

மனு கொடுத்து 60 நாள் பொறுங்கள். அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், மாநில அலுவலகத்துக்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். மத்தியத் தொல்லியல் துறை என்றால் இணையத்திலேயே கட்டலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் திருப்தியில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு.

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள், "ஏன்" என்பது தகவல் ஆகாது என்று திருப்பி அனுப்புவார்கள். என் மனு எண் இன்னதன் மீது எடுத்த நடவடிக்கையின் நகல், கள ஆய்வு நடந்த தேதி, ஆய்வறிக்கையின் நகல், இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். ஆய்வே நடக்கவில்லை என்றால் இந்தக் கேள்விகள் போன பிறகு பெரும்பாலும் நடந்துவிடும். எங்களுக்கு முதல் மனுவிலிருந்து கள ஆய்வுக்குப் பதினான்கு மாதம் ஆனது. தகவல் உரிமை மனு போனதிலிருந்து கணக்கிட்டால் ஐந்தே வாரம்.

11. அறிவிக்கைக் கட்டம்

கள ஆய்வு அறிக்கை சாதகமாக இருந்தால், மாநில அரசு தன் 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிவிக்கை வெளியிடலாம். முதலில் உத்தேச அறிவிக்கை வரும், அதன் நகலைச் சின்னத்துக்கு அருகில் ஒட்டுவார்கள். ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதம் அவகாசம். அந்த இரண்டு மாதமும் கவனமாக இருங்கள். ஒட்டிய தாள் காணாமல் போனால் படத்தோடு தெரிவியுங்கள். ஊரில் யாராவது ஆட்சேபிக்க நினைத்தால் போய்ப் பேசுங்கள். கிராம சபைத் தீர்மானமும் உரிமையாளர் சம்மதமும் கையில் இருந்தால் இந்தக் கட்டத்தில்தான் அவற்றின் அருமை தெரியும்.

எல்லாக் கல்லுக்கும் அறிவிக்கை கிடைத்துவிடாது. ஆண்டுக்கணக்கில் ஆகும். எங்கள் கற்களுக்கும் இன்னும் வரவில்லை. ஆனால் பதிவேட்டில் குறிப்பு ஏறிவிட்டது, அந்தப் புல எண்ணுக்கு மண் அனுமதி தருவதில்லை, கல் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

சாலை விரிவாக்கம் மாதிரித் தவிர்க்கவே முடியாத நிலை வந்தால் மட்டும் மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்கு மாற்றக் கேளுங்கள். அதற்கும் ஆட்சியர் உத்தரவு வேண்டும். நீங்களே பெல்ட் கட்டித் தூக்கிக் கோயில் முன்னால் கொண்டுபோய் நட்டுவிடாதீர்கள். பாதி உயரம் மண்ணுக்குள் இருக்கும் கல் இழுக்கும்போது நடுவில் ஒடியும். நின்ற இடத்தையும் பார்த்த திசையையும் இழந்த நடுகல் பாதிச் செய்தியை இழந்துவிடுகிறது.

12. செலவும் நேரமும்

இரண்டு வருடத்தில் எனக்கு ஆனது 6,000 ரூபாய்க்குள்தான். நகலும் படங்களும் 1,100, அஞ்சல் 400 சொச்சம், மைப்படி எடுக்க வந்தவர்களின் வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் 2,300, மீதியெல்லாம் பேருந்துக் கட்டணம். காசைவிட விடுப்புதான் பாரம், பதினேழு நாள் வேலைக்குப் போகவில்லை. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, ஒருவர் திங்கட்கிழமை மனு, ஒருவர் வட்டாட்சியர் அலுவலகம், ஒருவர் களம் என்று பிரித்துக்கொண்டால் அந்த நாட்கள் பாதியாகும்.

கற்களைச் சுற்றிக் கல்தூண் நட்டு முள்கம்பி கட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். கல்வட்டத்துக்குள்ளும் அதன் ஓரத்திலும் குழி தோண்டாதீர்கள், அடியில் தாழி இருக்கலாம். எல்லைக்கு நன்றாக வெளியே, கிளுவை வேலி போதும். எங்கள் வேலியை 100 நாள் வேலைக்கு வரும் அக்காமார்களே வரிசையாக நட்டுக் கொடுத்தார்கள்.

ஒவ்வொரு வருடமும் மார்கழி மழை ஓய்ந்ததும் போய், முதல் நாள் நின்று எடுத்த அதே இடத்திலிருந்து அதே ஆறு படங்களை எடுங்கள். மண் அரித்திருக்கிறதா, புதிதாகத் தாழி விளிம்பு வெளியே தெரிகிறதா, யாராவது தோண்டிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். போன தையில் போனபோது மேட்டின் தென்சரிவில் இதுவரை பார்க்காத ஒரு தாழியின் வாய் தெரிந்தது. மண்ணை மேலே தள்ளி மூடாமல், தொடாமல், ஸ்கேலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு நேரே கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். இந்த முறை கையில் புல எண் இருந்தது.